படகோட்டி சொல்லும் பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். என் தந்தையோ ஏரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைப் படகு ஓட்டிப் பிழைப்பவர். “எழுந்து நிக்காதீங்க சார், எல்லாரும் ஒரே பக்கம் வராதீங்க” என்று அவர் மன்றாடுவார், பலர் சிரிப்பார்கள். ஆட்கள் எழுந்தால் படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. ஒரு பக்கம் திரண்டால் படகு சாய்கிறது. வகுப்பில் நான் கற்ற இதனை அவர் துடுப்பிலேயே கற்றிருக்கிறார்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். மிதவைச் சட்டையை அணிவிக்கவும், அமரும் முறையைச் சொல்லவும் கரையிலே ஐந்து நிமிடம் போதாதா? அப்பயிற்சியின்றி எப்படகும் புறப்படலாகாது.

நண்பர்களே! படிக்காதவர் சொல் என்று தள்ளாதீர்கள், அதுவும் அறிவியலே.