பெட்டிக்குள் ஓர் அமானிதம்

 

வாயில்லா ஜீவன்களுக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று நான் எத்தனையோ ஜும்ஆப் பிரசங்கங்களில் பேசியிருக்கிறேன். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் வருடா வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பவன் நான். அப்படிப்பட்ட என் வீட்டுக் குசினி மூலையிலேயே ஒரு ஜீவன் மூன்று மாதமாக வாடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவராவது இதனால் பயன் பெற்றால் அந்த வெட்கம் வீணாகாது.

நாங்கள் இருப்பது ஹட்டன் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கும் மேலே. வருடத்தில் பாதி நாள் மழையும் பனிமூட்டமும்தான். ஒரு டிசம்பர் விடுமுறையில் புத்தளத்திலிருந்து என் மனைவியின் தம்பி வந்தார். கையிலிருந்த ஷொப்பிங் பையைத் திறந்து, "மகள், மாமா உங்களுக்கு என்ன கொண்டு வந்திருக்கிறேன் பாருங்க" என்றார். உள்ளே பிஸ்கட் டின். டின்னுக்குள் மல்லாந்த நிலையில் ஓர் ஆமை. ஐந்து அங்குலம் இருக்கும். நிமிர்த்தி வைத்தபோதுதான் அதன் ஓட்டின் அழகு தெரிந்தது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை. சிங்களத்தில் "தாரகா இப்பா" என்பார்கள்.

காலையில் புறப்பட்டவர் இரவில்தான் வந்து சேர்ந்தார். அவ்வளவு நேரமும் அந்த டின் பஸ் சீட்டுக்கு அடியில், வெங்காயப் பையோடு பையாக உருண்டிருக்கிறது. "ஆமைக்கு என்ன மச்சான், கல்லு மாதிரி. ஒன்றும் ஆகாது" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் பத்து வயது மகளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மகள் அதை உயிருக்குயிராய்ப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையை இறக்குமுன் ஆமைக்குத்தான் சலாம். வல்லாரை, முருங்கை இலை என்று தேடித் தேடிக் கொடுத்தாள். முதல் மாதம் கொஞ்சம் தின்றது. பிறகு குறைத்தது. மார்ச் மாதமளவில் தலையை வெளியே நீட்டுவதே அபூர்வமாயிற்று. மூக்கில் நுரை கட்டியது. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. "வாப்பா, இது அழுகிறதா?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அரபுக் கல்லூரியில் ஓதும் காலத்தில் இமாம் தமீரி அவர்களின் 'ஹயாத்துல் ஹயவான்' என்ற கிதாபை நூலகத்தில் ஆசையோடு புரட்டியவன் நான். ஹிஜ்ரி 808 இல் வபாத்தான அந்த எகிப்திய அறிஞர், பிராணிகள் ஒவ்வொன்றையும் அரபு அகர வரிசையில் எழுதி வைத்திருக்கிறார். ஆமைக்கும் அதில் இடமுண்டு. 'ஸுலஹ்ஃபாத்' என்ற சொல்லின் எழுத்தும் இலக்கணமும் எனக்குத் தெரியும். வீட்டிலிருந்த ஆமைக்குக் குளிர்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். அவர் ஆமையைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "மௌலவி, இது வரண்ட பிரதேசத்துப் பிராணி. நம்மைப் போலத் தன் உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ள இதற்கு இயலாது. வெயில்தான் இதற்கு அடுப்பு. சூடு இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது, நோயை எதிர்க்கும் பலமும் இராது. இந்த ஈரக் குளிரில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னொன்று. இதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. விசாரித்தபோது விளங்கியது. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் இந்த ஆமைக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. அனுமதி இல்லாமல் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் கூடாது. அதன் அழகே அதற்குப் பகை. செல்லப்பிராணியாக விற்பதற்கென்று களவாகக் கடல் கடத்துகிறார்கள். அதனால்தான் 2019 ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த மாநாட்டில், சர்வதேச வியாபாரம் முற்றாகத் தடைசெய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. அதைக் கோரிய நாடுகளில் நம் நாடும் ஒன்று.

அன்றிரவு வீட்டில் பேச்சுக்கால் நடந்தது. தெரிந்த ஒருவர், "பக்கத்துக் காட்டில் விட்டு விடுங்களேன், யாருக்குத் தெரியும்?" என்றார். இன்னொருவர், "எனக்குத் தாருங்கள், நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது" என்றார். மலைக்காட்டில் விட்டால் அது குளிரில் சாகும். நோயோடு வேறெங்கும் விட்டால் அங்குள்ள ஆமைகளுக்கும் தொற்றக்கூடும். விற்பதோ சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் விரோதம். அதிகாரிகளிடம் போய் உண்மையைச் சொல்வது ஒன்றுதான் மீதி. ஆனால், "மௌலவி வீட்டில் களவு ஆமை" என்று ஊரில் பேச்சு வருமே என்ற பயம் என்னை இரண்டு நாள் தடுத்தது. அந்த இரண்டு நாளும் ஆமை மூச்சுக்குத் திணறியது. மனிதர் பேச்சுக்குப் பயந்தேன். அதைப் படைத்தவனின் கேள்விக்குப் பயப்படவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக.

ஒரு பிரயாணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அதை மகளுக்குச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நாமளும் திருப்பிக் குடுக்கத்தானே வேணும் வாப்பா" என்றாள். மூன்றாம் நாள் காலை வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் பயந்ததுபோல் யாரும் சீறி விழவில்லை. குருநாகலுக்கு அப்பால் உள்ள ஒரு நிலையத்துக்குச் சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். வழியில் பொலிஸார் கேட்டால் தம்மோடு பேசச் சொல்லி இலக்கமும் தந்தார்கள். மிருக வைத்தியரும் ஒரு கடிதம் எழுதித் தந்து, எப்படிக் கொண்டு போக வேண்டும் என்பதையும் விளக்கினார். அந்த விளக்கத்தைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முந்திய நாள் மாலையிலும் புறப்படும் காலையிலும் தாழ்வான பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, தாடை நனையாத அளவில் கால் மணி நேரம் ஆமையை நிற்க வைத்தோம். வேண்டிய தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். இவ்வகை ஆமை சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது. பயந்தால் அவ்வளவையும் வெளியேற்றிவிடும். எனவே, சும்மா சும்மா தூக்கக் கூடாது. பிறகு நன்றாகத் துடைத்து ஈரம் போக்கினோம். அன்று காலை உணவு கொடுக்கவில்லை.

அதன் உடம்பை விடச் சற்றே பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கங்களில் துளையிட்டு, என்னுடைய பழைய சாரம் ஒன்றை மடித்து அடியிலும் சுற்றிலும் வைத்தோம். பெட்டி பெரிதாக இருந்தால் வளைவுகளில் ஆமை உருண்டு மல்லாந்துவிடும். ஆமையின் நுரையீரல் மேலோட்டுக்கு அடியில் இருக்கிறது. மல்லாந்தால் மற்ற உறுப்புகளின் பாரம் அதை அழுத்தி மூச்சு முட்டும். பிஸ்கட் டின்னில் அது பட்ட பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெட்டியைக் காற்றுத் துளையிட்ட ஒரு ரிஜிபோம் பெட்டிக்குள் இறக்கினோம். வெந்நீர்ப் போத்தல் ஒன்றைத் துவாயில் சுற்றி, ஆமையில் படாமல் இரண்டு பெட்டிக்கும் இடையில் வைத்தோம். சூடு பார்க்க வைத்தியர் தந்த சிறு மானியும் உள்ளே இருந்தது. 25 பாகைக்குக் குறையவும் கூடாது, 30 ஐத் தாண்டவும் கூடாது என்பது அவர் கட்டளை. மூடியில் மகள் "மேல் பக்கம்" என்று பெரிதாக எழுதி அம்புக்குறியும் போட்டாள்.

சுபஹ் தொழுதுவிட்டு வாடகை வேனில் புறப்பட்டோம். பெட்டி மகளின் மடியில். பாட்டின் சத்தத்தைக் குறைக்கும்படி சாரதியிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மூடியை இலேசாகத் தூக்கி மானியைப் பார்த்தோம். கண்டியைத் தாண்டி இறங்க இறங்க வெக்கை கூடியது. வெந்நீர்ப் போத்தலை எடுத்துவிட்டு மூடியைச் சற்று விலக்கி வைத்தோம்.

குருநாகலில் தேநீருக்கு நிறுத்தியபோது, "பெட்டி வேனிலேயே இருக்கட்டும் ஹஸ்ரத், பத்து நிமிஷம்தானே" என்றார் சாரதி. வெயிலில் கண்ணாடி மூடிய வாகனம் பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். குளிர் ஆமையை மெல்ல மெல்ல வாட்டும். அந்தச் சூடோ உடனே கொன்றுவிடும். நானும் மனைவியும் முறை வைத்து இறங்கினோம். பெட்டி ஒரு வினாடியும் தனியாக இருக்கவில்லை. "வாப்பா, நாம முஸாபிர் என்றால் சுருக்கித் தொழலாம். ஆமைக்கு என்ன சலுகை?" என்று கேட்டாள் மகள். செழிப்பான நிலத்தில் பிரயாணம் செய்தால் ஒட்டகங்களுக்கு மேய இடம் கொடுக்கவும், வரண்ட நிலமானால் அவை பலமிழக்குமுன் விரைந்து கடக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவிய செய்தி முஸ்லிமில் இருக்கிறது. பிரயாணத்தில் பிராணிக்கும் உரிமை உண்டு என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அவளுக்கு அதைச் சொன்னேன்.

நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்தார். ஆமை நிமிர்ந்தபடியே இருந்தது. அவர் அதை எடைபோட்டு, மூக்கையும் கண்ணையும் சோதித்தார். "தாமதித்துத்தான் வந்திருக்கிறீர்கள். ஆனாலும், நன்றாகக் கொண்டு வந்திருக்கிறீர்கள்" என்றார். இரண்டும் உண்மை. நான் தலை குனிந்து நின்றேன். என் வாக்குமூலத்தை எழுதி ஒப்பம் வாங்கிக்கொண்டார். மகள் அங்கே அழவில்லை. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னோம். ஆமையின் உடம்பில் மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் கிருமிகள் இருக்கக்கூடும். கழுவிவிட்டு வந்து வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து விசாரித்தேன். தின்னத் தொடங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். காட்டில் விடுவதா என்பதைப் பூரண சுகம் வந்த பிறகுதான் தீர்மானிப்பார்களாம். மச்சானுக்கு முதலில் மனத்தாங்கல். "ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது!" என்றார். பெருநாளைக்கு வந்தபோது ஒரு பெரிய வத்தகைப்பழத்தை மகளின் முன் வைத்து, "இனி மாமா உயிருள்ளது ஒன்றும் கொண்டு வர மாட்டேன்" என்றார்.

அன்பானவர்களே! உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிராணி இருந்தால் மறைக்காதீர்கள், விற்காதீர்கள், நீங்களாகக் காட்டில் விடவும் வேண்டாம். முதலில் அதிகாரிகளுக்கு அறிவித்து, அவர்கள் சொன்னபடி கொண்டு செல்லுங்கள். சட்டப்படி வளர்க்கக்கூடிய பிராணியானாலும், வீடு மாறும்போது கடைசியாகத் தூக்கிப்போடும் சாமானாக அதை எண்ணாதீர்கள். அதற்கான பெட்டியை முதலில் ஆயத்தம் செய்யுங்கள். அதன் சூடும் மூச்சும் அந்தப் பிரயாணம் முழுதும் நம் கையில் இருக்கின்றன. அதுவும் ஓர் அமானிதமே.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிர் விடயத்திலும் நேர்மையாக நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.