சென்னையில் எங்கே?

விழுப்புரம் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். மே மாதம் ப்ளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை, ஆய்வக மேசையில் மாணவர்களோடு உட்கார்ந்து விருப்பப் பட்டியல் போட்டுக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலையாகிவிட்டது. யாரும் ஒப்படைத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஊர் முன்பே முடிவாகிவிடும். வருகிற அப்பாக்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான்: "மெட்ராஸ்ல எங்க கிடைச்சாலும் போதும் சார். பையன் பொழச்சுக்குவான்." எங்கே கிடைத்தாலும் போதாது என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவதில்தான் என் வேலை தொடங்குகிறது.

ஒரே நகரத்துக் கல்லூரிகளை ஒப்பிடும்போது நான் முதலில் செய்வது கழித்தல். நகரம் எல்லோருக்கும் பொதுவாகத் தருவதையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 முதல் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதி சட்டப்படி அங்கே வந்துசேர வேண்டும். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் போக எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. தரமணி, சிறுசேரி பக்கத்து மென்பொருள் நிறுவனங்கள், அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகள், ஒரகடத்து வாகனத் தொழிற்சாலைகள், மேடைப் பேச்சு, நாடகம், புத்தகக் காட்சி எல்லாம் சென்னையில் படிக்கிற எவருக்கும் உண்டு. இவற்றைக் காட்டி ஒரு கல்லூரி தன் விளம்பரத்தை அச்சடித்தால், பக்கத்துக் கல்லூரியும் அதையே அச்சடிக்கலாம். கழித்தபின் மிஞ்சுவது துறை, அதன் ஆசிரியர்கள், ஆய்வகம், கட்டணம், விடுதி, பிள்ளையின் ஒரு நாள் போகிற விதம். ஒப்பிட வேண்டியது அந்த மிச்சத்தைத்தான்.

ஆனால் எட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் பொதுச்சொத்து பொதுச்சொத்தாகும். 'சென்னை' என்று முகவரியில் போடுகிற கல்லூரிகள் பல செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருக்கின்றன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, இடம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அங்கே விடுதியில் தங்குகிற பிள்ளைக்குக் கன்னிமாரா ஒரு நாள் பயணம். அதனால் பட்டியலைத் தொடும்முன் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதையை ஒரு தாளில் வரையச் சொல்வேன். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் லயோலா. கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் அண்ணா பல்கலைக்கழகம். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி, பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். இதே தடத்தில்தான் எங்கள் விழுப்புரமும் இருக்கிறது; சனிக்கிழமை வீட்டுக்கு வந்து திங்கள் விடிகாலையில் கிளம்புகிற பிள்ளைக்கு அது சிறிய விஷயமல்ல. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கல்லூரிகளுக்கு இந்த வசதி இல்லை, பேருந்துதான். மாதவரத்திலிருந்து சிறுசேரிவரை மெட்ரோ வேலை நடக்கிறது. ஓடத் தொடங்கியபின் இந்தப் படத்தைத் திருத்தி வரைய வேண்டியிருக்கும்.

அடுத்து, பெயரில் வரும் குழப்பம். "அண்ணா யுனிவர்சிட்டில சீட் கிடைச்சிருக்கு சார்" என்று இனிப்போடு வருகிறவர்களிடம் எந்த வளாகம் என்று கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வியே புதிது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் சென்னையில் நான்குதான். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1944இன் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949இல் ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி., கட்டடக்கலை, திட்டமிடல் கல்வி தரும் பள்ளி. 1978இல் இவை ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. மற்றபடி நகரைச் சுற்றியுள்ள ஏராளமான பொறியியல் கல்லூரிகள் அதில் இணைவு பெற்றவை. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான். வகுப்பு வேறு, ஆய்வகம் வேறு, ஆசிரியர் வேறு. இணைவுக் கல்லூரிகளிலும் தன்னாட்சி பெற்றவை பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாங்களே வகுக்கின்றன. மற்றவை பல்கலைக்கழகத் தேர்வை எழுதுகின்றன. எஸ்.ஆர்.எம்., வி.ஐ.டி., சத்யபாமா போன்றவை தனிப் பல்கலைக்கழகங்கள்; அவற்றின் சேர்க்கை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வராது. முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியே போகிறவர்களுக்குத்தான். முன்பணம் கட்டியபின் இதைத் தெரிந்துகொண்டு வந்து நிற்கிற குடும்பத்தைப் பார்க்க வயிறு எரியும். எங்கள் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. கையில் அது இருக்கும்போது நிலத்தை அடகு வைத்து வேறு வாசலில் நிற்க வேண்டிய அவசியம் என்ன?

கல்லூரியா, பிராஞ்சா என்ற கேள்விதான் எங்கள் மேசையில் அதிக நேரம் எடுப்பது. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இன்னது படிக்க வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் பிராஞ்சை முன்னால் வை. தெரியவில்லை என்றால் நல்ல கல்லூரியை முன்னால் வை. அங்கே சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அது தானாகத் தெரிந்துவிடும். எம்.ஐ.டி.யே முதல் வகைக்கு உதாரணம். வேறெங்கும் எளிதில் கிடைக்காத விமானவியல், வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் பிரிவுகளோடு தொடங்கிய கல்லூரி அது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த அப்துல் கலாம் பொறியியல் படிக்க வந்ததும் இதே குரோம்பேட்டைக்குத்தான். சேர்க்கைக்கு அவருடைய சகோதரி ஜோஹரா நகையை அடகு வைத்தார். ஆனால் அவர் இரண்டாம் வகை: அங்கே முதலாண்டு முடித்தபின்தான் விமானவியலைத் தேர்ந்தெடுத்தார். முதல் வகைக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. அடையாற்றில் 1948இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; தோல் தொழில்நுட்பம் படிக்கும் பி.டெக். மாணவர்களுக்கு அங்கேதான் வகுப்பு. ஒரு தேசிய ஆய்வுக்கூடத்துக்குள் உட்கார்ந்து படிக்கிற வாய்ப்பு எந்த பிராஞ்சுக்கு எளிதாக வாய்க்கும்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்கூடங்கள் ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லாத தூரத்தில். ஆனாலும் வீட்டில் "தோலா?" என்று முகம் சுளிப்பார்கள். அந்த முகச்சுளிப்புக்குப் பின்னால் இருப்பது சாதி. அதை ஒரு பிள்ளையின் பட்டியலைத் தீர்மானிக்க விடமாட்டேன், நேராகவே பேசிவிடுவேன்.

கட்ஆஃப் பற்றி ஒரு வார்த்தை. கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, ஆக 200. ஒரு கல்லூரியின் போன வருடக் கட்ஆஃப், போன வருடம் எத்தனை பேர் அதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதைக் காட்டும். அங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டாது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையையும் பார்க்கிறேன், ஆனால் பொறியியல் பட்டியலில் மதிப்பெண்ணின் 30 விழுக்காடு ஆராய்ச்சிக்கு. முதலாண்டு மாணவனின் வகுப்புக்குள் அது நேராக வந்துசேராது. துறைவாரியாகவும் அந்தப் பட்டியல் பேசுவதில்லை.

கலை, அறிவியல் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று சேப்பாக்கம் கட்டடத்தைப் படத்தில் காட்டுவார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும். இளங்கலை அதன் இணைவுக் கல்லூரிகளில். சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்த மாநிலக் கல்லூரி, ராணி மேரி, லயோலா, பச்சையப்பன், எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ் என்று பெயர்கள் நீளும். இங்கே கேட்க வேண்டியது, உதவிபெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா என்பது. ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஒரே வாயில். காலை ஷிஃப்டில் அரசு சம்பளம் வாங்குகிற ஆசிரியர்களும் குறைந்த கட்டணமும், பிற்பகல் ஷிஃப்டில் சுயநிதியும் பல மடங்கு கட்டணமும் என்று பல இடங்களில் இருக்கும். பிற்பகல் ஷிஃப்ட் சிலருக்கு வரம், காலையில் வேலைக்குப் போகலாம். ஆவடிக்கு அப்பால் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண்ணுக்கு அதே ஷிஃப்ட் தினமும் இரவுப் பயணம். அரசுக் கல்லூரிகளில் கட்டணம் சொற்பம். மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காதே என்றுதான் சொல்வேன், துறையை மட்டும் பார்த்துக்கொள்.

பெண் பிள்ளைகளின் விடுதி வாசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆண்கள் விடுதி இரவு வரை திறந்திருக்க, பெண்கள் விடுதியை மாலை ஆறரைக்கே பூட்டுகிற கல்லூரிகள் உண்டு. ஒரே கட்டணம், ஒரே ஆய்வகம், ஆனால் மாலைக்குப் பின் அந்த ஆய்வகம் பாதிப் பேருக்கு மட்டும். நகரம் எல்லோருக்கும் பொது என்று நான் போட்ட கணக்கு அந்தப் பூட்டோடு முடிந்துபோகிறது. பெற்றோர்கள் சீக்கிரம் பூட்டினால் நல்லது என்கிறார்கள். பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் விடுதியிலிருந்து நூலகத்துக்கு இரவு எட்டரை மணிக்குப் பாதுகாப்பாகப் போய்வர ஏற்பாடு உண்டா என்று கேட்டு, உண்டு என்கிற கல்லூரியைப் பட்டியலில் மேலே தூக்கி வைப்பேன். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டுத்தான். கேட்பதிலும் முறை இருக்கிறது. "காலேஜ் எப்படிப்பா?" என்றால் "நல்லாருக்கு சார்" என்றுதான் வரும், அது மரியாதைக்கான பதில். "போன செமஸ்டர் லேபில் மீட்டரை உன் கையால் தொட்டியா, பக்கத்தில் நின்றாயா?" "பாடம் புரியாவிட்டால் யாரிடம் போவாய், அவர் அறையில் இருப்பாரா?" "நேற்று மதியம் மூன்று மணிக்கு எங்கே இருந்தாய்?" என்று கேட்டால் உண்மை வரும். அரியர் வைத்திருக்கிற பிள்ளையிடமும் அவசியம் கேட்கிறேன். நன்றாகப் படிக்கிறவன் எந்தக் கல்லூரியிலும் தேறிவிடுவான். தடுமாறுகிறவனை அந்தத் துறை என்ன செய்கிறது என்பது தடுமாறியவனுக்குத்தான் தெரியும். நேரில் போனால் ஆய்வகக் கருவிகளின் பயன்பாட்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பேன். விலை உயர்ந்த கருவிமேல் உறை போட்டு வைத்து, பதிவேட்டில் ஆய்வுக்குழு வந்த தேதியில் மட்டும் கையெழுத்து இருந்தால் வேறொன்றும் விசாரிக்க வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பு விவரத்தில் மிகப் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு, உங்கள் பிராஞ்சில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் உள்ளவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

கடைசியாகப் பட்டியலின் வரிசை. கலந்தாய்வுக் கணினி உங்கள் தரவரிசைப்படி, பட்டியலின் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. எட்டாத கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோகாது. இது தெரியாமல், "நமக்கெல்லாம் கிண்டி கிடைக்குமா சார்" என்று பிள்ளைகள் தங்கள் ஆசையைத் தாங்களே அடித்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை நினைத்து நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான். நகரத்துப் பள்ளிப் பிள்ளை யோசிக்காமல் எழுதுகிற பெயரை இவர்கள் எழுதவே கூச்சப்படுகிறார்கள். மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுது என்பேன். கிடைக்கிறதா இல்லையா என்பதைத் தரவரிசை பார்த்துக்கொள்ளும். அதேபோல், கிடைத்தால் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் எங்குமே எழுதக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலைப் பூட்டுவதற்கு முன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலைநாளில் சென்னை போய், முதல் இரண்டு விருப்பக் கல்லூரிகளையாவது பார்த்துவிட்டு வாருங்கள். வகுப்பு விடுகிற நேரம்வரை வாசலில் நில்லுங்கள். நம் பக்கத்துப் பிள்ளை ஒருவராவது வெளியே வரும், பேசுங்கள். விழுப்புரத்தில் விடிகாலை ரயில் ஏறினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்.