தங்கம் தீர்ந்த ஊரில் சைக்கிள் பாதை

கோலார் தங்க வயலின் நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து ஆவணி கிராமத்துக்கு சுமார் 25 கி.மீ.தான். நூறாண்டுச் சுரங்கத்தையும் ஆயிரம் ஆண்டு ஏரியையும் ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

பெங்களூரின் சைக்கிள் பிரியர்களுக்கு நந்திதுர்க் என்றால் மலைதான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஹெல்மெட்டும் தண்ணீர் பாட்டிலுமாக 1,478 மீட்டர் உயர நந்தி மலையை நோக்கிப் படையெடுக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அவர்களை உரசிக்கொண்டு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறுகின்றன. அங்கே அமைதியைத் தேடிப் போகிறவர்கள் நெரிசலோடுதான் திரும்புகிறார்கள்.

அதே பெயரில் இன்னொரு நந்திதுர்க், தென்கிழக்கே கோலார் தங்க வயலில் இருக்கிறது. அது மலையல்ல, சுரங்கம். அங்கிருந்து கிளம்பும் கிராமச் சாலைகளில் நெரிசல் கிடையாது. அந்த அமைதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது. பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று வடக்கு தெற்காக வரிசையாகச் சுரங்கங்கள் முளைத்தன. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் 3 கி.மீ.க்கும் கீழே போய், உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு சராசரியாக 47 கிராம் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது 3 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. மொத்தம் 800 டன் தங்கத்தைக் கொடுத்த பிறகு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது. கடைசி வரை தாக்குப்பிடித்த மூன்று சுரங்கங்களில் நந்திதுர்க்கும் ஒன்று.

ஷிப்ட் மாறும் சங்கு ஊதியதும் நடந்தும் சைக்கிளிலுமாகத் தொழிலாளர்கள் நிறைத்த சாலைகள் இவை. இப்போது அந்தக் கூட்டம் விடியற்காலை ரயிலில் ஏறுகிறது. மாரிகுப்பத்திலிருந்து சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்கள் வழியாக பங்காருப்பேட்டைக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பகலில் சாலை வெறிச்சோடிக் கிடப்பதற்கு அதுவே காரணம்.

நந்திதுர்க்கிலிருந்து புறப்படுகிறவரின் கண்ணில் முதலில் படுவது துருவேறிய ஷாஃப்ட் கோபுரங்கள். அடுத்தது 'சயனைடு மேடு'. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மழையில் அரித்து அரித்து மலைத்தொடர் போலவே நிற்கிறது. சினிமாக்காரர்களுக்கு இது தயாரான செட். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தின் புழுதியில் நிஜப் புழுதியும் உண்டு. ஊர்க்காரர்களுக்கோ காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் வந்து படியும் தூசி. சைக்கிளை மேட்டில் ஏற்றிப் படமெடுக்கும் ஆசையைத் தவிர்ப்பது நல்லது. மண்ணும் சுத்தமில்லை, இடமும் பொதுவழியல்ல.

ராபர்ட்சன்பேட்டை வரை தமிழிலேயே வழி கேட்கலாம். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தலித் மக்கள். லைன் வீடுகளில் வாழ்ந்த அவர்கள் வேலை மட்டும் செய்யவில்லை. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இங்கே கிளை விட்டது. அவருடைய எழுத்துகளை சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. ஜி. அப்பாதுரையார் 1926 முதல் 'தமிழன்' இதழை இங்கிருந்து மறுபடியும் கொண்டுவந்தார். தமிழகத்தில் பகுத்தறிவு இயக்கம் பரவிய அதே காலத்தில், அதற்கு இணையான விவாதம் இந்த லைன் வீடுகளிலும் நடந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் காட்சி மாறுகிறது. கேழ்வரகு வயல், மல்பெரித் தோட்டம், கழி நட்டுக் கட்டிய தக்காளிச் செடிகள், தைல மரத் தோப்பு, இடையிடையே குண்டுப் பாறைகள். கடல் மட்டத்துக்கு மேலே 800 மீட்டருக்கும் அதிகமான உயரம் என்பதால் காலை வெயில் உறைக்காது. சாலை சமதளமுமில்லை, மலையுமில்லை. ஏறி ஏறி இறங்கும். கியர் இல்லாத சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவருக்குக்கூட இந்த மேடுகள் ஒரு பொருட்டல்ல. காரில் பத்து நிமிடத்தில் கடந்துபோகிறவருக்கு நிலத்தின் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. இங்கே தண்ணீர் எங்கே தேங்கும், ஏரிக்கரையை ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்பதை மிதிக்கிறவரின் கால்கள் கண்டுபிடித்துவிடும்.

அந்தப் பாடம் பேத்தமங்கலத்தில் பூர்த்தியாகிறது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கும் இந்த ஊரின் பழைய பெயர் விஜயாதித்ய மங்கலம். ஊரைவிட ஏரிதான் முக்கியம், ஏனென்றால் அதில் நிற்பது பாலாறு. நந்தி மலைத்தொடர் பக்கம் பிறக்கும் ஆறு, கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. ஓடிவிட்டு, மீதி 222 கி.மீ.யைத் தமிழகத்தில் கடக்கிறது. இரண்டு நந்திதுர்க்குகளையும் இணைப்பது பெயர் மட்டுமல்ல, இந்த ஆறும்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார நிர்வாகம் இந்த ஏரியிலிருந்துதான் தங்க வயலுக்குக் குழாய் போட்டது. யோசித்தால் விசித்திரம் புரியும். ஆறு கீழே வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இறங்கிப் போக, பாலாற்றுக் கரையோர மக்கள் பிழைப்புத் தேடி ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வந்தார்கள். ஊரில் வறண்டுபோன ஆற்றின் தண்ணீரை இங்கே குழாயில் பிடித்துக் குடித்தார்கள்.

ஏரியை வெள்ளைக்காரர்கள் வெட்டவில்லை. கரை உடைந்ததையும், நொளம்ப அரசர் காலத்தில் அதைத் திருத்திக் கட்டியதையும் பழைய கல்வெட்டு சொல்கிறது. அதாவது, சுரங்கம் பிறப்பதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே 'பராமரிப்புப் பணி' நடந்திருக்கிறது.

பேத்தமங்கலத்திலிருந்து வடக்கே ஆவணிக்குப் போகும் கிராமச் சாலைகளில் தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழுகின்றன. வால்மீகி ஆசிரமம் இங்கேதான் இருந்தது, லவனும் குசனும் பிறந்தது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. மலைமேல் சீதைக்குக் கோயில் இருக்கிறது. அடிவாரத்தில் ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்னன் பெயர்களில் சிவலிங்கங்கள் உள்ள நொளம்பர் காலக் கோயில் தொகுதி, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இங்கே தலைமை வகித்த திரிபுவனகர்த்தர் என்ற துறவி கோயில்களோடு ஏரிகளையும் அமைத்ததாகக் கல்வெட்டு புகழ்கிறது. ஆற்றுநீரை நம்ப முடியாத கோலார் சீமையில் சாமிக்குச் சமமான கௌரவம் ஏரிக்கு உண்டு.

இந்த அமைதி எத்தனை நாளைக்கு என்பது கேள்வி. சென்னை-பெங்களூர் விரைவுச் சாலையில் ஓசகோட்டையிலிருந்து தங்க வயல் பக்கம் வரையிலான சுமார் 70 கி.மீ. 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதில் சைக்கிளுக்கு இடமில்லை. ஆனால் அதிலிருந்து இறங்கும் கார்களுக்குக் கிராமச் சாலையில் இடமுண்டு. 2024 ஜூனில் 13 சயனைடு மேடுகள் இருக்கும் 1,003 ஏக்கரில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண் இருப்பதாகக் கணக்கு. வேலை தொடங்கினால் லாரிகள் வரும், தூசி கிளம்பும், ஓரளவு வேலைவாய்ப்பும் வரலாம். சைக்கிள் பயணிக்கு வேண்டியது காலியான சாலை. விடியற்காலை ரயிலைப் பிடிக்கிறவருக்கு வேண்டியது ஊரிலேயே ஒரு வேலை. இரண்டில் எது பெரிது என்பதைச் சொல்லும் உரிமை பின்னவருக்குத்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்கலாம். கருவேல முள்ளுக்கு மெல்லிய டயர் தாங்காது. பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும். வடக்கே செல்லாமல் தெற்கே காமசமுத்திரம் பக்கம் திரும்பினால் இருட்டுவதற்குள் ஊர் சேருவது அவசியம். அங்கே யானை நடமாட்டம் உண்டு.

சுரங்கத்தை 120 ஆண்டுகள் தோண்டினார்கள், தீர்ந்தது, மூடினார்கள். ஏரிக்கரையோ உடைய உடையத் திருத்தப்பட்டது, அதனால் இன்னும் இருக்கிறது. இந்த 25 கி.மீ.யில் தெரிந்துகொள்வதற்கு இதைவிடப் பெரிய விஷயமில்லை.