பிடிமானம்

சென்ற வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து ஒன்றரை மாதம் கழித்து பிஸியோதெரபிஸ்ட் ஜாமர் என்ற கருவியைக் கையில் கொடுத்தார். நிமிர்ந்து உட்கார வேண்டும்; மேல்கை விலாவை ஒட்டி, முழங்கை செங்கோணத்தில். பிடிக்கு ஐந்து அகலங்கள் உண்டு. இரண்டாவதில் வைத்து மூன்று தடவை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுப்பார்கள். அமெரிக்கக் கை சிகிச்சையாளர் சங்கம் 1981இல் வகுத்த முறை. எவ்வளவு அழுத்தினாலும் பிடி உள்ளே போவதாகத் தெரியாது. உள்ளிருக்கும் எண்ணெயின் அழுத்தம்தான் முள்ளை நகர்த்துகிறது. கை விட்ட பிறகும் இன்னொரு முள், எட்டிய உச்சத்திலேயே நிற்கும். இடது கை 36 கிலோ. வலது 13.

பிறகு ஐந்து அகலங்களிலும் அழுத்தச் சொன்னார். எதற்கென்று கேட்டேன். விபத்துக் காப்பீட்டுக்கான அறிக்கை. முழு பலத்தோடு அழுத்தினால் நடு நிலைகளில் அதிகமும் ஓரங்களில் குறைவுமாக வரைபடம் மேடு கட்டும். பாசாங்கு செய்கிறவனுக்குத் தட்டையாக வரும் என்பது கணக்கு. என்னுடையது ஏறக்குறையத் தட்டை.

"முழு பலத்தையும் போட்டீங்களா சார்?"

போட்டேன் என்றேன். பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வலி வருமிடத்துக்குச் சற்று முன்பே கை தானாக நின்றுவிட்டது. அந்த நிறுத்தத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. அவரே சொன்னார்: நிஜமாகவே பலம் குறைந்த கைக்கும் தட்டையாக வரும்; இதை வைத்து யாரையும் பொய்யன் என்று எழுத மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே பக்கங்களில் நண்பர் ஒருவரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். மனைவி இறந்தபின் அவர் எழுதிய கவிதைகள். எல்லாம் ஒரே தொனி, எங்கும் தீவிரம் ஏறவில்லை என்று உதாரணங்களோடு காட்டிவிட்டு, ஆகவே இந்தத் துக்கம் பாசாங்கு என்று முடித்திருந்தேன். அந்த 'ஆகவே'யைச் சிலர் ரசித்தார்கள். அவர் அதன்பின் எழுதவில்லை.

வங்கியில் கையெழுத்து பொருந்தாத காசோலையைத் திருப்பும்போது, கையொப்பம் வேறுபடுகிறது என்று மட்டுமே சீட்டில் குறிக்கிறோம். போலி என்று எழுதும் அதிகாரம் எனக்கில்லை. பகலெல்லாம் குமாஸ்தாவாகக் காத்த இந்த நிதானத்தை இரவில் விமர்சகனாக உட்கார்ந்ததும் விட்டுவிட்டிருக்கிறேன்.

தொகுப்பை மறுபடி படித்தேன். கவிதைகள் பலவீனமானவைதாம்; அந்த அபிப்பிராயம் மாறவில்லை. பலவீனத்தை வரிகளில் காட்ட முடியும். அதிலிருந்து பொய்யைக் கழித்தெடுக்க முடியாது. வலிக்குச் சற்று முன்பே நின்றுவிட்ட கையாகவும் அது இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எழுதியது இங்கே.