நெடுந்தீவின் கல்வேலி

மதுக்கரையில் வளர்ந்தவர்க்குச் சுண்ணாம்புக்கல் புதிதன்று. மலையடிவாரத்தில் அதனை வெட்டியெடுத்துச் சிமெண்டாக அரைப்பர். சிறுவயதில் எங்கள் வீட்டு முருங்கை இலையிலும் வெண்துகள் படிந்திருக்கும். அக்கல்லுக்கு உறவான முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஊரெங்கும் வேலி அமைத்திருப்பதை இலங்கையின் வடகடலிலுள்ள நெடுந்தீவில் கண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் துறைக்குச் செல்லவேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒருமணி நேரப் படகுப் பயணம். அதே துறையிலிருந்து நயினாதீவுக்கும் படகுகள் செல்கின்றன. மணிமேகலை கூறும் மணிபல்லவம் அத்தீவே என்று கருதுவோர் உளர். அதனை எண்ணிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அலையின் ஆட்டத்தில் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தேன்.

என்னை அழைத்துச் சென்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் பேசவில்லை. 1985ஆம் ஆண்டு மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். தீவினர் அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். நான் எதுவும் கேட்கவில்லை.

தீவில் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. அதன் அடிமரப் பொந்தினுள் சிலர் ஒருங்கே நிற்கலாம். அரபு வணிகர் கொணர்ந்தது என்பர். ஆயினும் என் மனம் மட்டக்குதிரைகளிடமே நின்றுவிட்டது. போர்த்துகீசியர் அவற்றைக் கொண்டுவந்தனர் என்பது தீவினர் கூற்று. பின்வந்த ஒல்லாந்தர் இங்குக் குதிரைகளை வளர்த்தனர். தம் நாட்டு நகரொன்றின் பெயரால் தீவையே டெல்ஃப்ட் என்றழைத்தனர். ஆட்சிகள் அகன்றன, கோட்டை இடிந்து கற்குவியலாயிற்று. குதிரைகளை மட்டும் எவரும் உடன் அழைத்துச் செல்லவில்லை. அவற்றின் வழித்தோன்றல்கள் புல்வெளியில் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன.

தொலைவிலிருந்து பார்க்கையில் காங்கேயத்துக் கொறங்காட்டில் மாடுகள் மேய்வதுபோல் தோன்றியது. ஆனால், கொறங்காட்டு மாட்டுக்கு உரியவர் உண்டு. கிளுவை வேலி உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. இக்குதிரைகளுக்கு வானம் பெய்தால்தான் நீர். தீவில் ஆறு இல்லை. நிலத்தடி நீரும் பல இடங்களில் உவர்ப்பு. கடுங்கோடையில் குட்டைகள் வற்றக் குதிரைகள் தாகத்தால் மடிவதுண்டு.

நாங்கள் தங்கிய வீட்டின் கல்வேலிக்கு வெளியே, அகன்ற பழைய அண்டாவொன்றில் மூதாட்டி ஒருவர் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்நீரை அவர் தொலைவிலுள்ள நன்னீர்க் கிணற்றிலிருந்து சுமந்து வந்திருந்தார்.

“உங்களுக்கே போதாதே அம்மா” என்றேன்.

“நாலு வாளி கிடைச்சா ஒண்டு உதுகளுக்கு. வாயில்லாச் சீவன் ஆரிட்டைப் போய்க் கேக்கும் தம்பி?” என்றார்.

மாலையில் குட்டியுடன் ஒரு பெட்டைக்குதிரை வந்தது. எங்களைக் கண்டு தயங்கி நின்றது. நாங்கள் வேலிக்குப்பின் குனிந்து அமர்ந்தபின்னரே நீரில் வாய் வைத்தது. முதலில் குட்டி குடித்தது.

மறுநாள் புறப்படுகையில், மதுக்கரை மாணவர்க்குக் காட்டவென்று வேலியிலிருந்து சிறு முருகைக்கல் ஒன்றை எடுத்தேன். மூதாட்டி சிரித்தார்.

“அதை எடுத்தா மேலைக் கல்லும் விழும் தம்பி.”

எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே பொருத்த எனக்கு நெடுநேரம் பிடித்தது. படகுக்காரர் இருமுறை குரல் கொடுத்துவிட்டார்.