ஒரு ரூபாய் அளவுக் கீறல்



கடைத்தெருவில் என் காரைப் பார்த்த நாலைந்து பேர், "என்ன சார், முன் கண்ணாடியையே மாத்திட்டீங்களாமே! ஒட்டியிருக்கலாமே, செலவு கம்மியாத்தானே ஆயிருக்கும்" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

சித்திரை மாதம் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஜல்லி ஏற்றிப் போன டிப்பரிலிருந்து ஒரு கல் தெறித்து 'டக்' என்று கண்ணாடியில் அடித்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். நடுவில், கொஞ்சம் கீழே, மிளகு அளவில் ஒரு குழி. சுற்றிலும் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாம் சேர்ந்து ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். "இவ்வளவுதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்துவிட்டேன். அடுத்த வாரமும் போனது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், வீட்டம்மாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. வண்டி காலையிலிருந்து வெயிலில் நின்றிருந்தது. உள்ளே உட்கார முடியவில்லை. ஏ.சி.யை முழுவதுமாகத் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டேன். வடகாடு முக்கம் போவதற்குள் அந்தக் குழியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, என் கண்ணுக்கு நேராக ஒரு சாண் நீளம் ஓடிவிட்டது. "என்னங்க, கோடு ஓடுதுங்க!" என்று அவர்தான் முதலில் பார்த்தார்.

தடித்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் நீரை ஊற்றினால் ஏன் விரிசல் விடுகிறது என்று எத்தனை வருடம் உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பேன்! வெளிப்பக்கம் சூடு, உள்பக்கம் குளிர். ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் சுருங்கும். ஏற்கெனவே அடிபட்ட இடம் அந்த இழுவையைத் தாங்காது. பாடம் நடத்தியவனே மறந்துவிட்டேன்.

முன் கண்ணாடி மற்ற கண்ணாடிகளைப் போன்றதல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து அழுத்தியிருப்பார்கள். அதனால்தான் உடைந்தாலும் சில்லுகள் நம் மேல் கொட்டாமல் படலத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. 1903-இல் பிரான்சில் எடுவார் பெனடிக்டஸ் என்ற வேதியியலாளரின் கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்து நொறுங்கியும் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்தான் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அடுக்குக் கண்ணாடி. 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

புதுக்கோட்டையில் ஒரு கடையில் விசாரித்தேன். 1,500 ரூபாய்க்கு விரிசலை நிரப்பித் தருவதாகச் சொன்னார்கள். மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, இதே தொழிலில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரியில ஓட்டுவீங்களா சார்?"

"அவசரம்னா ஓட்டித்தானே ஆகணும்" என்றேன்.

"அப்ப மாத்திருங்க சார். கல்லடி பட்டதும் வந்திருந்தா, உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சிட்டு, ரெசின் செலுத்தி, புற ஊதா விளக்குல இறுக வச்சிருப்பேன். சில நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். இப்ப நிரப்பினாலும் தழும்பு இருக்கத்தான் செய்யும். எதிர்ல வர்ற வண்டி லைட்டு அதுல பட்டுச் சிதறும்."

எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். எதிர் விளக்கு ஏற்கெனவே கூசுகிறது. பக்கத்து இருக்கையில் வீட்டம்மா. பல கார்களில் அந்தப் பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியைத்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இதிலெல்லாம் துணிய மனம் வரவில்லை. மாற்றிவிட்டேன். கூலியோடு 6,500 ரூபாய்.

"இன்சூரன்ஸில் வாங்கலாமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. சிறிய காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஆக, எனக்கு 5,500 கிடைக்கும். ஆனால் உரிமை கோரினால், ஐந்து வருடம் சேர்த்துவைத்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யமாகிவிடும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மீண்டும் 50-ஐத் தொட வேண்டும். இழப்பைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5. மொத்தம் 125 சதவீதம். என் வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியம் சுமார் 4,000. அதில் 125 சதவீதம் என்றால் 5,000. மிஞ்சுவது 500 ரூபாய். கைக்காசையே கொடுத்துவிட்டேன். விலை உயர்ந்த கார் என்றாலோ, போனஸ் பாதுகாப்பு எடுத்திருந்தாலோ கணக்கு மாறும். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

கல்லடி பட்டால் உடனே அதன் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டி, தூசியும் தண்ணீரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் கண்ணாடியை இறக்கி, சூடு வெளியேறிய பிறகு ஏ.சி.யை மெதுவாகப் போடுங்கள். சிறிய அடி, ஓரத்தில் இல்லை, ஓட்டுபவர் பார்வைக்கு நேராகவும் இல்லை, உள்தகட்டையும் தொடவில்லை என்றால் ஒட்டினால் போதும். மாற்ற நேர்ந்தால் புதுக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பசை இறுகும்வரை, கடைக்காரர் சொல்லும் நேரம் பொறுத்து வண்டியை எடுங்கள்.

நம் பக்கத்துச் சாலைகளில் ஜல்லி வண்டிகள் ஓயப்போவதில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு போகாமல் இடைவெளி விட்டே போங்கள்.

அந்த மாணவர் 1,500 ரூபாயை வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுத்திருந்தாலும் நான் சந்தோஷமாகத்தான் வந்திருப்பேன். அவர் என் கண்ணை நினைத்துப் பார்த்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்,
ஆலங்குடி.