மதிலுக்கு உள்ளே ஒரு கிராமம்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. சேரும் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. முடித்தால் சான்றிதழ். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். நான் படித்த பல்கலைக்கழகத்தில் இதை மதில் சுவரின் உட்பக்கம், வெளியே போகிறவர்கள் படிக்கும்படி நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

தென்மாவட்டம் ஒன்றில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய தனியார் பல்கலைக்கழகம் அது. பெயருக்குப் பின்னால் 'நிகர்நிலை' என்று வரும். எதற்கு நிகர் என்று கேலி பேசுவோம். ஒரே கேண்டீன், ஒரே ஏ.டி.எம். பெண்கள் விடுதியின் கேட்டை ஆறரை மணிக்குப் பூட்டுவார்கள். பையன்களுக்கு ஒன்பதரை. காரணம் கேட்டால் பாதுகாப்பு. பாதுகாப்பைக் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விடுதிப் பெண்களுக்கு விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. அதை அச்செடுத்து வார்டனிடம் நீட்டினோம். மடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் படிப்பு முடித்துக் கிளம்பும்வரை அந்தத் தாள் அங்கேயேதான் இருந்தது.

அதனால் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் வெளியே போவதற்காகவே சேர்ந்தவர்கள். நானும்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கேட்டைத் தாண்டச் சேவை ஒன்றுதான் வழி என்றால் சேவை செய்வோம்.

இரண்டாம் ஆண்டு முகாமின் தலைப்பு கழிப்பறை விழிப்புணர்வு. பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய கிராமம். காலையில் கோஷம் போட்டு ஊர்வலம், பிறகு வீடுவீடாகக் கணக்கெடுப்பு. படிவத்தில் 'மனைவியின் தொழில்' என்று ஒரு கட்டம். திண்ணையில் இருந்த ஆண்கள் பலரும் 'சும்மாதான் இருக்கா' என்றார்கள். எங்கள் அணித்தலைவன் அதை 'இல்லத்தரசி' என்று அழகாக எழுதிக்கொண்டான்.

நான்காம் நாள் கிழக்குக் கோடியில் இருக்கும் அருந்ததியர் தெருவுக்குப் போனோம். மூன்றாவது வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும். எங்கள் விடுதியில் இரண்டாம் மாடியைக் கழுவுகிறவர். கூட வந்த பேராசிரியருக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, பயன்படுத்துகிறீர்களா என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டுல கவர்மெண்டு கட்டிக் குடுத்தது இருக்கு டீச்சர். வேலைக்குப் போற எடத்துலதான் இல்ல."

"எங்க வேலை பாக்குறீங்க?"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தா, இந்தப் பாப்பா ஹாஸ்டல்லதான்."

அந்தத் தெருவில் பல வீட்டுப் பெண்கள் எங்கள் வளாகத்தில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள். அதிகாலை ஐந்தரைக்கு வந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் போவார்கள். மாடிக்கு எட்டு கழிப்பறை கழுவுகிறார்கள். அதில் ஒன்றைக்கூட அவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பது சூப்பர்வைசர் உத்தரவு. அவசரமென்றால் பின்பக்கக் கேட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும். திறந்தவெளிக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் ஊருக்குள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த அதே காடு. "அந்த மூணு நாளும் வேலை முடியுற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன் பாப்பா" என்றார் அக்கா.

முகாம் அறிக்கையில் இதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். திட்ட அலுவலர் படித்துவிட்டு, "இது நிர்வாக விஷயம்மா. சமுதாயப் பணியில வராது" என்று அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் கணக்கில் சமுதாயம் மதிலுக்கு வெளியே இருந்தது.

சட்டத்தில் அப்படி இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி குடிநீர், கழிப்பறை, கைகால் கழுவும் வசதி எல்லாம் ஒப்பந்தக்காரர் தர வேண்டியிருந்தது. அவர் தராவிட்டால் வேலைக்கு அமர்த்திய நிறுவனம் தர வேண்டியிருந்தது. எங்களில் ஒருத்தியின் சித்தி வக்கீல். அவர்தான் போனில் சொன்னார்.

தரைத்தளத்தில் தாழ்ப்பாள் உடைந்து பல மாதமாக யாரும் போகாத கழிப்பறை ஒன்று இருந்தது. ஆளுக்கு இருபது ரூபாய் போட்டுத் தாழ்ப்பாளும் குழாயும் மாற்றினோம். 'பணியாளர் அக்காக்களுக்கு' என்று காகிதத்தில் எழுதி ஒட்டினோம். மூன்றாம் நாள் வார்டன் பூட்டுப் போட்டார். பிறகுதான் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம்.

அந்த இரண்டு வாரத்தில் கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. நமக்கே காலையில் வரிசை என்று சிலர் மறுத்தார்கள். இன்றைக்குக் கழிப்பறை, நாளைக்குக் குளிக்கவும் வருவார்கள் என்றாள் ஒருத்தி. மகளிர் தினக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய அக்கா ஒருவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "அவங்க போன எடத்துக்கு நாம எப்படிடி போறது?" என்று மெல்லக் கேட்டார். 'அவங்க' என்றால் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் சுருட்டிப் போடும் நாப்கின்களைக் கையால் பொறுக்கி எடுக்கிறவர் அதே அறையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் தீட்டு. பெண்கள் என்று ஒரே சொல்லில் எங்கள் எல்லோரையும் கட்டிவிடலாம் என்று மேடையில் பேசுகிறவர்களை அதன்பிறகு என்னால் முழு நம்பிக்கையோடு கேட்க முடிந்ததில்லை. கையெழுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல். தயங்கித் தயங்கிப் போட்டாலும் போட்டார்கள்.

அக்காக்களோடு பேச எங்களுக்குக் கிடைத்த நேரம், ஆறு மணி வாக்கில் மாடிப்படியில் அவர்கள் வாளியை இறக்கி வைக்கும் பத்து நிமிடம் மட்டுமே. ஒப்பந்தக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் இரவு எட்டு மணிக்கு மேல்தான் முக்குரோட்டு டீக்கடைக்கு வருவார். எங்கள் கேட்டோ பூட்டியிருக்கும். கடைசியில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் போய்ப் பேசினார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் என்ன பேசப்பட்டது, எதற்கு ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை மறுநாள் கேண்டீனில் அவர்கள் வாயால்தான் கேட்டுக்கொண்டோம். தங்களுக்காக நடந்த பேச்சில் அக்காக்களில் ஒருவரும் இல்லை, எங்களில் ஒருத்தியும் இல்லை.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போனது. "உங்க பொண்ணு யூனியன் ஆரம்பிக்கிறா சார்." அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஃபீஸ் கட்டுன ரசீது பத்திரமா இருக்காம்மா?" அதை ஆதரவு என்று எடுத்துக்கொள்வதா எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்று இப்போதும் தெரியவில்லை.

அக்காவை ஆண்கள் விடுதிக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான் சமாதானமாக ஏதோ சொல்லப் போனபோது அவர், "வேலையை விட்டா நிறுத்திட்டாங்க? நீ படி பாப்பா" என்று துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே போனார்.

அடுத்த செமஸ்டரில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தகரக் கதவு போட்டு ஒரு கழிப்பறை கட்டினார்கள். முதல் மாதம் தண்ணீர் இல்லை, பிறகு வந்தது. எனக்கு 240 மணி நேரத்துக்கான சான்றிதழும் வந்தது. மாடிப்படியில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

போன வருடம் அங்கே படிக்கும் ஒரு ஜூனியரிடம் விசாரித்தேன். கழிப்பறை இருக்கிறதாம், பூட்டித்தான் வைத்திருக்கிறார்களாம். சாவி சூப்பர்வைசரிடம். கேட்டால் கொடுத்துவிடுவாராம்.

சூப்பர்வைசர் இப்போதும் ஆண்தான்.